மூன்று பென்ஸ் ஊர்!

சனிக்கிழமை காலை கார்டிஃப் ரயில் நிலையத்தில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். அன்றைய ரக்பி மேட்சுக்குக் கிளம்பியவர்கள் ஒரு விதம். போன மேட்ச் முடிந்து இன்னும் வீடு போய்ச் சேராதவர்கள் இன்னொரு விதம். இரண்டிலும் சேராமல், கையில் தயிர்சாதப் பொட்டலத்தோடு நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

நானும் அண்ணாச்சியும் ஒரே கம்பெனி. சென்னையிலிருந்து இரண்டு வருஷத்துக்கு இங்கே அனுப்பி வைக்கப்பட்டவர்கள். கார்டிஃபில் ஒரே அறை, ஒரே குக்கர். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. எனக்கு இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும், கணக்கு வழக்கில் இருபது வயது மூத்தவர். வெங்காயம் வாங்கினாலும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பி வைத்துவிடுவார்.

"ஏன்வே, லீவு நாள்ல மனுசன் கோட்டையைப் பாப்பான், கடலைப் பாப்பான். ஆஸ்பத்திரித் திட்டம் பொறந்த ஊரைப் பாக்கக் கெளம்புற ஆளை இப்பத்தாம்வே பாக்குதேன்!"

"நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி."

"தயிர்சாதம் ஒம்ம கையிலல்லா இருக்கு? வந்துதானே ஆவணும்!"

நாங்கள் கிளம்பியது ட்ரெடீகர் என்ற சின்ன ஊருக்கு. தெற்கு வேல்ஸின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இன்றைக்கு ஜனத்தொகை சுமார் பதினைந்தாயிரம். பிரிட்டனில் பணக்காரர், ஏழை, வேலையில் இருப்பவர், இல்லாதவர் என்று பார்க்காமல், காசு கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்களே, என்.ஹெச்.எஸ். என்கிற அந்தத் தேசிய சுகாதார சேவைக்கு விதை போட்ட ஊர் இதுதான்.

நேராக ரயில் கிடையாது. ட்ரெடீகருக்குப் பயணிகள் ரயில் 1960-லேயே நின்றுவிட்டது. பக்கத்து ஊரான எப்பு வேல் வரை சுமார் ஒரு மணி நேரம் ரயில், அப்புறம் பஸ். ரயில் ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. இரண்டு பக்கமும் பச்சை மலை. சரிவில் சீப்பு வைத்துச் சீவினாற்போல் வரிசை வரிசையாக ஒட்டு வீடுகள். பார்த்தால் ஊட்டி மாதிரி ஒரு அழகு. ஆனால் பல 'குன்றுகள்' குன்றுகளே இல்லை. நூறு வருஷமாகச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவின் மேல் புல் முளைத்தவை. சுரங்கங்களும் இல்லை, எப்பு வேலின் பிரம்மாண்டமான இரும்பாலையும் 2002-ல் மூடியாயிற்று.

எப்பு வேலில் ஒரு போர்டு. 'அஸ்பட்டி அனைரின் பெவன்' என்று இருந்தது. வெல்ஷ் மொழியில் அஸ்பட்டி என்றால் ஆஸ்பத்திரி! லத்தீன் வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வேல்ஸுக்கும், இன்னொருவன் கப்பலேறி நம் ஊருக்கும் வந்திருக்கிறான். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஆத்தா சொல்லுத மாதிரியேல்லா இருக்கு!" என்று பஸ் வரும் வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

நகராத நிலக்கரி

ட்ரெடீகரில் இறங்கியதும் எதிரே நிற்பது ஒரு மணிக்கூண்டு. முழுக்க வார்ப்பிரும்பு. 1858-ல் எழுப்பியது, 72 அடி உயரம். அதைச் சுற்றி வட்டமாகக் கடைகள். இடத்தின் பெயரே 'வட்டம்'தான். பத்து நிமிஷம் நடந்தால் ஊர் முடிந்துவிடும் போலிருக்கிறது.

பூங்காவுக்குப் போனோம். பெட்வெல்ட்டி பூங்கா. அங்கே ஒரு பந்தலுக்குக் கீழே கறுப்பாக, யானை படுத்திருப்பது மாதிரி ஒரு கட்டி. கிட்டே போய்ப் பார்த்தால் நிலக்கரி. ஒரே துண்டு, எடை 15 டன். 1851-ல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு அனுப்புவதற்காக ஒரு சுரங்கத் தொழிலாளி வெட்டி எடுத்தது. வெட்டி வெளியே கொண்டு வந்த பிறகுதான், லண்டன் போவதற்குள் உடைந்துவிடும் என்று தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து இங்கேயே கிடக்கிறது.

"பைல் ரெடி, கையெழுத்து இல்லங்குத மாதிரில்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி.

அந்தக் காலத்தில் இந்த ஊர் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டே வேலை. இரும்பாலை அல்லது சுரங்கம். இரண்டிலும் உடம்புக்கு உத்தரவாதம் கிடையாது. கூரை இடியும், விஷவாயு வரும். ஒன்றும் நடக்காமல் தப்பித்தால், முப்பது வருஷம் சுவாசித்த தூசி நுரையீரலில் கல்லாய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டரைக் கூப்பிட்டால் ஃபீஸ். ஃபீஸ் கொடுத்தால் அந்த வாரம் ரொட்டி இல்லை.

இந்த இடத்தில்தான் அந்த ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள்.

ஒரு பவுனுக்கு மூன்று பென்ஸ்

1890-ல் ட்ரெடீகர் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் தொடங்கியது. கணக்கு ரொம்பச் சுலபம். சம்பளத்தில் ஒவ்வொரு பவுனுக்கும் மூன்று பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் பவுனுக்கு 240 பென்ஸ். அப்படியானால் நூறு ரூபாய் சம்பளத்தில் ஒன்றேகால் ரூபாய். நிறையச் சம்பாதிப்பவன் நிறையக் கொடுப்பான், குறையச் சம்பாதிப்பவன் குறையக் கொடுப்பான். ஆனால் வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றேதான். அவனுக்கு மட்டுமில்லை, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும்.

அந்த மூன்று பென்ஸில் டாக்டர்கள் வந்தார்கள், பல் டாக்டர் வந்தார், மருந்து கொடுப்பவர் வந்தார், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வந்தார். ஒரு கட்டத்தில் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சங்கத்துக்குள் இருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டாக்டர்களை வேலைக்கு எடுத்தது தொழிலாளர்கள் கமிட்டி! காலையில் சுரங்கத்துக்குள் கரி வெட்டியவர், சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்து, மெடிக்கல் காலேஜில் படித்தவரை உட்கார வைத்து இண்டர்வியூ செய்வார். 'உங்களுக்கு முன் அனுபவம் உண்டா?'

அப்படி 1920-களின் தொடக்கத்தில் இங்கே வேலைக்கு வந்த ஒரு இளம் டாக்டர் ஏ.ஜே.க்ரோனின். பிறகு நாவலாசிரியர் ஆனார். இந்தப் பள்ளத்தாக்கு அனுபவத்தையெல்லாம் வைத்து 1937-ல் 'தி சிட்டடல்' என்ற நாவலை எழுதினார். சங்கத்தை அவர் ஒன்றும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை, கிண்டலும் இருக்கிறது. ஆனால் காசுக்காக நடக்கும் வைத்தியத்தை வெளுத்து வாங்கினார். புத்தகம் பிரிட்டன் முழுக்கப் பரபரப்பாக விற்றது. நம் ஊரிலும் அது வேறு உருவத்தில் வந்தது. தேவ் ஆனந்த் நடித்து 1971-ல் வந்த 'தேரே மேரே சப்னே' படம் அந்தக் கதைதான். ட்ரெடீகரின் சுரங்க டாக்டர் இந்தியில் டூயட் பாடியிருக்கிறார்!

சோக வீட்டுப் பையன்

வட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சார்லஸ் தெரு இருந்தது. 1897 நவம்பரில் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர் அனைரின் பெவன். ஊருக்கு 'நை'. வீட்டில் பத்துக் குழந்தைகள். பள்ளிக்கூடத்தில் திக்குவாய் என்று வாத்தியார் கையால் அவமானம். பதிமூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். அந்தச் சுரங்கத்தின் பெயர் 'டீ ட்ரிஸ்ட்'. வெல்ஷில் அதற்கு 'சோக வீடு' என்று அர்த்தம். யாரோ தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பகலில் சுரங்கம், ராத்திரியில் தொழிலாளர் நூலகம். அதுவும் தொழிலாளர்களே காசு போட்டு நடத்தியதுதான். திக்குவாயை அடக்க இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தச் சொல்லில் நாக்கு சிக்கிக்கொள்கிறதோ அதற்குப் பதிலாக வேறு சொல். அதற்காகவே சொல் சொல்லாகச் சேர்த்தார். கடைசியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவர் ஆகிவிட்டார். போர்க்காலத்தில் சர்ச்சிலுக்கே தலைவலி கொடுத்தவர்.

1925-ல் அவருடைய அப்பா இறந்தார். நுரையீரலில் கரித்தூசி. மகன் கையிலேயே உயிர் போனது. நஷ்டஈடு கிடையாது. காரணம், அந்த வியாதி அன்றைய சட்டப் பட்டியலில் இல்லை.

அந்த மகன் ஊர் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தார். 1929-ல் எப்பு வேல் தொகுதி எம்.பி. ஆனார். 1945-ல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் நாட்டுக்கே சுகாதார மந்திரி. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிரசித்தம்: எங்கள் ஊரில் ஒரு தலைமுறையாக இருப்பதை உங்கள் எல்லாருக்கும் தரப் போகிறேன், உங்களையெல்லாம் ட்ரெடீகர் ஆக்கப் போகிறேன்!

சுலபமாக நடந்துவிடவில்லை. 1948 பிப்ரவரியில் டாக்டர்கள் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தியபோது பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு. எங்களைச் சர்க்கார் குமாஸ்தா ஆக்கப் பார்க்கிறார் என்று கோபம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களுக்கு அவர் ஒரு சலுகை கொடுத்திருந்தார்: சர்க்கார் சம்பளமும் வாங்கலாம், தனியாக பிராக்டீஸும் செய்யலாம். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று பின்னால் அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

1948 ஜூலை 5. அன்று முதல் ஆஸ்பத்திரி, டாக்டர், பல், கண்ணாடி எல்லாம் எல்லாருக்கும் இலவசம். வேல்ஸில் அம்மன் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் அன்று ராத்திரி ஒரு அம்மாளுக்குப் பிரசவ வலி. ஜூலை 4 முடிய இன்னும் சில நிமிஷங்கள். 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா' என்று சுற்றி நின்றவர்கள் கடிகாரத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் குழந்தை பிறந்தது. மந்திரி அனைரின் பெயரையே பெண்பாலாக்கி அனைரா என்று பெயர் வைத்தார்கள். அந்த அனைரா தாமஸ் பிறகு அதே சேவையில் நர்ஸாக வேலை பார்த்தார்.

முதல் வருஷத்தில் மட்டும் ஐம்பது லட்சம் ஜோடிக்கு மேல் மூக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை அவ்வளவு பேர் மங்கலாகவே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குடல் இறக்கம், கருப்பை இறக்கம் என்று பத்து வருஷம், இருபது வருஷம் சேலைத் தலைப்பு மாதிரி மூடி மறைத்து வைத்திருந்த வியாதிகளோடு பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அதற்கு முந்தைய சர்க்கார் இன்ஷூரன்ஸில் வேலைக்குப் போகும் ஆளுக்கு மட்டும்தான் டாக்டர்; வீட்டில் இருக்கும் பெண்டாட்டிக்குக் கிடையாது. வீட்டுக்காரர் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை, பாருங்கள்.

பில் கவுண்டர் எங்கே?

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தபோது அண்ணாச்சி தன் கதையைத் தொடங்கினார். போன டிசம்பரில் அவருக்குச் சிறுநீரகக் கல். ராத்திரி பதினோரு மணிக்கு வலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். டாக்ஸி பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனேன்.

பேர், பிறந்த தேதி, விலாசம் கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தோம். ஒரு மணி... இரண்டு மணி... பக்கத்தில் கை உடைந்த ரக்பி ரசிகர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் வந்து வலிக்கு மாத்திரை கொடுத்தார். கோட்டயத்துச் சேச்சி. "நாட்டில எவிடே?" என்றார். பாளையங்கோட்டை என்றதும் பாதித் தமிழில் ஆறுதல் சொன்னார். ஐந்து மணி நேரம் கழித்து ஒரு டாக்டர், ஸ்கேன், ஊசி. விடியற்காலை ஏழு மணிக்குப் போகலாம் என்றார்கள்.

அண்ணாச்சி பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார்.

"எங்கே அண்ணாச்சி?"

"பில் கவுண்டர் எங்கவே?"

"இல்லை அண்ணாச்சி."

"இல்லன்னா? மாடியில இருக்கா?"

கடைசியில் ஒரு காவலாளியிடமே கேட்டுவிட்டார். அவர் கார் பார்க்கிங் கட்டணம் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, வேல்ஸில் ஆஸ்பத்திரி பார்க்கிங்கும் இலவசம் என்றார்! அடுத்து மருந்துக் கடை. மருந்தைக் கொடுத்துவிட்டு குட்மார்னிங் சொன்னார்கள். வேல்ஸில் 2007-லிருந்து மருந்துச் சீட்டுக்கும் காசு கிடையாது. அண்ணாச்சி அன்று முழுக்கப் பர்ஸைப் பையில் வைக்கவே இல்லை.

"அந்த அஞ்சு மணி நேரத்தை எந்தக் கணக்குல எழுத?" என்றார் இப்போது, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. "நம்ம ஊர்ல காசைக் குடுத்தா அரை மணியில பாத்து அனுப்பிருவான்லா?"

நியாயமான கேள்வி. எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து டவுன் ஒன்றில், ராத்திரி ஒரு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அரை மணிகூட இல்லை, ஐந்தே நிமிஷத்தில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "கவுண்டர்ல ஒரு லட்சம் கட்டிட்டு ரசீதோட வாங்க, ஐ.சி.யூ.வுக்கு மாத்திடலாம்" என்றார்கள். ராத்திரி ஒரு மணிக்கு! நான் ஏ.டி.எம். ஏ.டி.எம்.மாக அலைந்தேன். நண்பர்களை எழுப்பினேன். இருபத்தெட்டாயிரம் குறைந்தது. சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்பு வாங்கி வரச் சொல்லி, பாத்ரூமுக்குப் போய், முப்பது வருஷமாகக் கழற்றாத வளையல் இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்து கவுண்டர் மேல் வைத்தார். நகை வாங்க மாட்டோம் என்றான் கவுண்டர்ப் பையன். அவனும் என் வயதுதான். அவன் முகத்திலும் ரத்தம் இல்லை.

சித்தப்பா பிழைத்தார். வளையல் பிழைக்கவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐ.சி.யூ. வாசல்ல நிக்கவன்ட்ட வெல பேசச் சொன்னா, அவன் என்னத்தவே பேசுவான்?" என்றார்.

ட்ரெடீகர்க்காரர்களின் கண்டுபிடிப்பே அதுதான். வைத்தியத்துக்குச் செலவு உண்டு. யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை எப்போது கேட்பது என்பதைத்தான் அவர்கள் மாற்றினார்கள். வலியில் துடிக்கும்போது கேட்காதே, சம்பளம் வாங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது கேள் என்றார்கள்.

இலவசம், ஆனால்...

உண்மையில் அண்ணாச்சி சும்மா வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை. நம் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் விசா வாங்கி இங்கே வேலைக்கு வருகிறவர்கள் சுகாதாரக் கட்டணம் என்று ஒன்றை முன்னாலேயே கட்ட வேண்டும். 2015-ல் தொடங்கியபோது வருஷத்துக்கு 200 பவுன். 2024 பிப்ரவரியிலிருந்து 1,035 பவுன். இரண்டு வருஷத்துக்கு 2,070; நம் ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு மேல். சம்பளத்தில் பிடிக்கும் வரி தனி. அதில் ஒரு பங்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. 'ஆன்சைட்' கனவில் இருக்கும் தம்பிகள், கல்யாணமாகிக் குடும்பத்தோடு வருவதாக இருந்தால், தலைக்குத் தலை இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு மாமனாரிடம் பேசவும்.

டாக்டரைப் பார்ப்பதும் ஒரு கலை. பல கிளினிக்குகளில் காலை எட்டு மணிக்குப் போன் அடிக்க வேண்டும். எட்டு அடித்து ஒரு நிமிஷத்துக்குள் லைன் கிடைத்தால் அன்றைக்கு டாக்டர். இல்லையென்றால் நாளைக்கு எட்டு மணி. நம் தட்கல் டிக்கெட் புக்கிங் அனுபவம் இங்கே மிகவும் கைகொடுக்கிறது. லைன் கிடைத்துப் போனால், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், முதுகுவலிக்குப் பாரசிட்டமால். "ஊசி போடாதவன்லாம் டாக்டராவே?" என்பது அண்ணாச்சியின் நிரந்தரக் கேள்வி.

பெரிய கஷ்டம் காத்திருப்புதான். உயிர் போகிற விஷயம் என்றால் முன்னால் போய்விடலாம். மூட்டு மாற்ற வேண்டும், கண்புரை எடுக்க வேண்டும் என்றால் மாதக்கணக்கு. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்போர் பட்டியலில் 77 லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள். வசதி உள்ளவர்கள் தனியாருக்குப் போய்விடுகிறார்கள். இல்லாதவர்கள் வலியோடு காத்திருக்கிறார்கள். இலவசம் என்று அறிவித்தால் போதாது. டாக்டரும் கட்டிலும் பணமும் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்க வேண்டும். டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஆரம்பம் முதலே அவர்கள் வெளிநாட்டைத்தான் நம்புகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வரத் தயங்கிய இந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் பல வருஷம் கிளினிக் நடத்தியவர்கள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த டாக்டர்கள்தான்.

பெவனுக்கே இது சீக்கிரம் தெரிந்தது. 1951-ல், கொரியப் போர் நேரம். ராணுவத்துக்குப் பணம் வேண்டும் என்று கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் பாதிக் காசு வாங்கலாம் என்று அவர் கட்சி சர்க்காரே முடிவு செய்தது. மூன்றே வருஷத்தில்! பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மறுவருஷம் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் வந்தது. 1965-ல் எடுத்தார்கள், 1968-ல் திரும்ப வைத்தார்கள். இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9 பவுன் 90 பென்ஸ். குழந்தைகள், முதியவர்கள், ஏழைகள் என்று விலக்குப் பெற்றவர்கள் ஏராளம். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் யாருக்கும் கட்டணமே இல்லை. ஒரே தேசம், ஒரே தலைவலி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மாத்திரை விலை மாறுகிறது.

மலை மேல் நான்கு கல்

திரும்பும் வழியில், ட்ரெடீகருக்கும் எப்பு வேலுக்கும் நடுவே மேட்டில் இறங்கினோம். அங்கே நான்கு சுண்ணாம்புக் கல் தூண்கள். நடுவில் பெரியது பெவனுக்கு. சுற்றி உள்ள மூன்றும் அவர் தொகுதியின் மூன்று ஊர்களுக்கு: எப்பு வேல், ரிம்னி, ட்ரெடீகர். இந்த இடத்தில்தான் அவர் தன் ஜனங்களைக் கூட்டிப் பேசுவாராம். 1960-ல் அவர் இறந்த பிறகு நட்டது. சிலை இல்லை, மாலை போடக் கழுத்து இல்லை, கூண்டு இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது.

ஒரு வயதான அம்மாள் நாய்க்குட்டியோடு வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, "டாக்டர்களா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் நம் நிறத்தில் ஆளைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி போலிருக்கிறது. இல்லை, கம்ப்யூட்டர் என்றோம். கொஞ்சம் ஏமாற்றம். முழங்கால் ஆபரேஷனுக்காகப் பதினாறு மாதமாகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

"கோபம் வரலியாம்மா?"

"நிறைய வருகிறது. எம்.பி.க்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறேன்," என்றார். "ஆனால் வீட்டை விற்க வேண்டுமே என்ற கவலை ஒரு நாள்கூட வந்ததில்லை."

அவர் போன பிறகு அண்ணாச்சி ஒரு கல்லில் சாய்ந்துகொண்டு செல்போனில் ஏதோ கணக்குப் போட்டார்.

"வே, 2018-ல நான் முத வேலைக்குச் சேர்ந்தப்ப பதினெட்டாயிரம் சம்பளம். மாசம் 315 ரூவா ஈ.எஸ்.ஐ. பிடிச்சான். கார்டுல எங்க அம்மா பேரும் இருந்துச்சு. இந்த ஊர் மூணு பென்ஸ் கணக்குப்படி பாத்தா 225 தான் வருது. ரெண்டும் ஒரே ஜாதிதாம்வே!"

அவர் சொன்னது சரி. நம் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1948-ல்தான் வந்தது. அதே வருஷம்! 1952-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். அதுவும் சம்பளத்தில் கொஞ்சம், முதலாளி கொஞ்சம் என்று முன்னாலேயே வாங்கிக்கொண்டு, படுக்கும்போது காசு கேட்காத திட்டம்தான். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கை முக்கால் சதவீதமாகக் குறைத்தார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"2020-ல சம்பளம் இருபத்தி நாலாயிரம் ஆச்சு. உச்சவரம்பு இருபத்தோராயிரம்லா? ஈ.எஸ்.ஐ.யை நிறுத்திட்டான். பிடித்தம் போச்சுன்னு ஆபீஸ்ல எல்லாத்துக்கும் லட்டு வாங்கிக் குடுத்தேன்."

காற்று பலமாக அடித்தது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அண்ணாச்சி மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு அந்த நான்கு கல்லையும் திரும்பிப் பார்த்தார்.

"சம்பளம் கூடினவனை க்யூவுலேர்ந்து வெளிய அனுப்புதான் நம்ம ஊர்ல. இவன் என்னடான்னா, சம்பளம் கூடினவனைத்தான் மொதல்ல க்யூவுக்குள்ள இழுத்துப் போட்டிருக்கான். அவன் காசும் உள்ள வரும், அவன் சத்தமும் உள்ள வரும்லா? அந்த அம்மா மாதிரி எம்.பி.க்குக் கடுதாசி எழுத ஆள் வேணும்லாவே!"

பஸ் நின்றது. டிரைவர் இரண்டு பேருக்கும் டிக்கெட் காசு கேட்டார். அண்ணாச்சி, வெங்காயத்துக்குக்கூடப் பெருக்கிப் பார்க்கிற அண்ணாச்சி, ரூபாயில் கணக்குப் போடாமல் எனக்கும் சேர்த்துக் கொடுத்தார்.